மலைக்குடிலில் ஒரு நாள்

உழைப்பவர் எவராயினும் அவர்க்கு ஓய்வு வேண்டும். ஏர் பூட்டிய எருதும் நண்பகலில் நுகத்தடி நீங்கி மரநிழலில் நின்று அசைபோடுகின்றது. எனினும், கண்ணை மூடிக் கிடப்பது ஒன்றே ஓய்வு ஆகாது. நாள்தோறும் காணும் சுவரையும் நாற்காலியையும் விட்டு நீங்கி, வேறோர் இடத்தில் வேறோர் காற்றை நுகர்ந்து, ஓடியாடி மகிழ்வதும் ஓய்வே ஆகும். அவ்வாறு மகிழும்போது உடலின் களைப்பு நீங்குவதோடு உள்ளத்தின் கசப்பும் சிலபோது நீங்குவது உண்டு. ஒரே கூரையின்கீழ்ப் பல்லாண்டு பணிபுரிவோர் ஒருவர் கையெழுத்தை மற்றவர் நன்கு அறிவர். ஒருவர் உள்ளத்தை மற்றவர் அறிதலோ அரிது. அதனை அறிதற்கு ஒரு மலையும் ஒரு நாளும் துணைசெய்த வரலாறு ஒன்று உண்டு.

கொங்கு நாட்டின் உயிர்நாடி பவானி ஆறு. நீலமலையின் தென்மேற்கு மூலையில் தோன்றும் அவ்வாறு, கேரள நாட்டு அட்டப்பாடிப் பள்ளத்தாக்கிற் புகுந்து, மீண்டும் தமிழகத்துக்கு வந்து, மேட்டுப்பாளையத்தைக் கடந்து கிழக்கே பாய்கின்றது. மலையின் வடபுறத்தைச் சுற்றிவரும் மோயாறு அதனோடு வந்து கூடுமிடத்தில் 1948-ஆம் ஆண்டு தொடங்கி 1955-ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பெற்றதே பவானிசாகர் அணை. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள அம்மண்ணணை 105 அடி உயரம் நீர் தேக்க வல்லது. நிறைந்த காலத்தில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 3,280 கோடி கன அடியாகும். அங்கிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் ஊட்டுகின்றது. பாதி நிலத்துக்கு ஆடி, ஆவணி தொடங்கி மார்கழி வரையில் நன்செய்ப் பயிருக்கும், மறுபாதிக்குத் தைத் திங்கள் தொடங்கிப் புன்செய்ப் பயிருக்கும் முறைவைத்து நீர் விடுவது வழக்கம்.

அவ்வாய்க்காலின் ஒரு பகுதியைப் பேணும் சிற்றலுவலகம் ஒன்றில் 1994-ஆம் ஆண்டில் பதினைவர் பணிபுரிந்தனர். அவருள் தலைவர் ஓர் இளம் பொறியாளர், முப்பது வயதும் நிரம்பாதவர், கல்வியிற் சிறந்தவர், கடமையிற் கண்டிப்பானவர். தலைமை எழுத்தர், கணக்கர், தட்டச்சுப் பணிபுரியும் அம்மையார் இருவர், ஓட்டுநர், அளவையர், ஏவலர், கரைக்காவலர் சிலர் ஆகியோர் ஏனையோர். அலுவலக வழக்கில் 'லஸ்கர்' என அழைக்கப்பெறும் கரைக்காவலருள் மூத்தவர், முப்பது ஆண்டுகளாக அவ்வாய்க்காற் கரையை இரவும் பகலும் நடந்து அளந்தவர். எழுத்தறிவு மிக்கவர் அல்லர். தம் பெயரை எழுத மட்டும் கற்றிருந்தார். வரும் பங்குனியில் அவர் பணியினின்றும் ஓய்வுபெற வேண்டியவராக இருந்தார்.

அம்முதியவருக்கும் பொறியாளருக்கும் இடையே ஓராண்டுக் காலமாகப் பேச்சு மிகக் குறைவு. அதற்குக் காரணம் ஓர் இரவில் நிகழ்ந்த நிகழ்ச்சி. முந்திய ஆண்டு ஐப்பசியில், முதியவரின் காவலில் இருந்த கிளைமதகு ஒன்றின் வழியே இரவெல்லாம் நீர் வெளியேறியது. மறுநாள் கடைமடை உழவர்க்கு முறைநீர் எட்டவில்லை. அவர்கள் திரண்டுவந்து முறையிட்டனர். பணியேற்று மூன்று திங்களே ஆகியிருந்த பொறியாளர், முதியவர் உறங்கிவிட்டார் எனக் கருதி, விளக்கம் கேட்டுக் குறிப்பாணை பிறப்பித்தார். விளக்கம் வரவில்லை. ஆகவே, முதியவரின் பணிப்பதிவேட்டில் கண்டனம் எழுதப்பட்டது. முப்பது ஆண்டுகளில் அப்பதிவேடு கண்ட முதற்கறை அதுவே.

வாய்க்காலில் நீர் நிறுத்தப்பட்டபின் மதகைப் பழுதுபார்த்தனர். அப்போது, நீருள் மறைந்திருந்த அடைப்புப்பலகை உளுத்துப் பிளந்திருந்ததைப் பொறியாளர் தம் கண்ணாலேயே கண்டார். பலகை மாற்றப்பட்டது, பதிவேடு மாற்றப்படவில்லை. எழுதியதை அழிப்பது தம் மதிப்புக்குக் குறைவு என அவர் எண்ணினார் போலும். முதியவரும் ஒன்றும் கேட்டிலர். நாள்தோறும் வந்தார், வணங்கினார், நீரின் அளவைச் சொன்னார், சென்றார்.

நன்செய் நீர் நிறுத்தப்பட்டுப் புன்செய்க்கு நீர் திறக்கும்வரையில் அலுவலகத்தார்க்குச் சிறிது ஓய்வு கிடைப்பது உண்டு. அவ்வாண்டு மார்கழியில் அத்தகைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கோத்தகிரி மலைக்குச் சென்று வருவோம் என்று கணக்கர் ஒரு கருத்தை வெளியிட்டார். அவருடைய உறவினர் ஒருவருக்கு அங்கே தேயிலைத் தோட்டத்தின் நடுவில் மரத்தாற் கட்டிய பழைய குடில் ஒன்று இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று பணம் திரட்டினர். அரிசியும் பருப்பும் கட்டினர். விடியற்காலை ஐந்து மணிக்கு வாடகைச் சிற்றுந்து ஒன்றில் பதினைவரும் புறப்பட்டனர். முதியவர் வரமாட்டார் என்றே பலரும் எண்ணினர். அவரோ தோளில் கம்பளியும் கையில் மூங்கிற் கோலுமாக யாவர்க்கும் முன்னே வந்து நின்றார். "வாழ்நாளெல்லாம் இந்த நீரோடு இருந்தேன், இது பிறக்கும் மலையை ஒருமுறை பார்க்கவேண்டும்" என்பது அவர் சொன்ன காரணம்.

மேட்டுப்பாளையத்தை விட்டதும் மலைப்பாதை தொடங்குகின்றது. அங்கிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். முதலில் முட்புதரும் மூங்கிலும் நிறைந்த வறண்ட காடு. குஞ்சப்பனையை அடைந்ததும் பலாமரங்கள். அதற்கு மேல் குளிர்ந்த காற்று. பின்னர்ப் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகள். வளைவுதோறும் வண்டி திரும்பத் திரும்ப, கீழே விட்டுவந்த சமவெளி அகன்று விரிந்தது. தட்டச்சு அம்மையார் ஒருவர் பாடத் தொடங்கினார், மற்றவர் தாளமிட்டனர். அலுவலகத்தில் ஒருநாளும் வாய்விட்டுச் சிரித்தறியாத தலைமை எழுத்தர், பாட்டின் நடுவே அடிமறந்தவர்க்கு அடி எடுத்துக்கொடுத்தார். அவர் இளமையில் நாடகக் குழுவொன்றில் நடித்தவர் என்னும் செய்தி அன்றுதான் வெளிப்பட்டது.

ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் அக்குடில் நின்றது. இருபுறமும் சரிந்த தகரக் கூரை, பலகைச் சுவர், முன்னே புல்வெளி, பின்னே அடர்ந்த சோலை. மலைமுகட்டின் பள்ளங்களில் குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்து, பாசியும் படர்கொடியும் மூடிக் கிடக்கும் காடுகளைத் தமிழர் சோலை என வழங்கினர். உலகத்து அறிவியலாரும் அச்சொல்லையே ஏற்று ஆள்கின்றனர். அச்சோலையில் உதிர்ந்த இலைகள் மக்கி, மண்மேல் மெத்தைபோற் படிந்திருக்கும். பெய்த மழையை அம்மெத்தை உண்டு தேக்கி, கோடைக்காலத்தும் சிறிது சிறிதாகக் கசியவிடும். சமவெளியில் மனிதர் கட்டிய அணைக்கு முன்னே, இயற்கை மலைமேற் கட்டிவைத்த அணை அது எனலாம்.

குடிலை அடைந்ததும் கணக்கர் ஒரு சட்டம் வகுத்தார். "இன்று ஒரு நாள் இங்கே பதவி இல்லை. ஐயா என்றோ அம்மா என்றோ பணிவுப்பெயர் இட்டு அழைப்போர் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பாத்திரம் கழுவுதல் வேண்டும். இன்றைய தலைவரைத் திருவுளச் சீட்டு எடுத்துத் தேர்ந்தெடுப்போம். அவர் சொல்லே ஆணை" என்றார். பெயர்கள் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி, ஓட்டுநரின் சிறுமகள் ஒன்றை எடுத்தாள். அதில் முதிய கரைக்காவலரின் பெயர் இருந்தது. எல்லோரும் கைதட்டினர். முதியவர் நாணித் தலைகுனிந்து, "ஐயா, எனக்கு எதற்கு ஐயா இந்தப் பொறுப்பு?" என்றார். "இரண்டு பாத்திரங்கள்" என்று கணக்கர் குறித்துக்கொண்டார்.

பின்னர் விளையாட்டுகள் தொடங்கின. புல்வெளியில் கிட்டிப்புள் ஆடினர். பருத்த உடலினரான தலைமை எழுத்தர் அடித்த புள், கூரையைத் தாண்டித் தேயிலைச் செடிகளிடையே வீழ்ந்தது. வடம் இழுக்கும் போட்டியில் ஆடவர் ஓரணியும், பெண்டிரும் கரைக்காவலரும் மற்றோரணியுமாக நின்றனர். மண்மூட்டை சுமந்து பழகிய காவலர் பக்கமே வெற்றி சென்றது. அலுவலக நாற்காலியில் அமர்ந்து பழகியவர் அனைவரும் ஒருவர்மேல் ஒருவராகப் புல்லிற் சாய்ந்தனர். சோலையின் ஓரத்திற்குப் பூப்பறிக்கச் சென்ற கணக்கர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். அவர் காலில் அட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "ஐயோ, ஐயா, இதை எடுங்கள்!" என்று அவர் முதியவரிடம் முறையிட்டார். முதியவர் சிறிது உப்பைத் தூவ, அட்டை சுருண்டு வீழ்ந்தது. "சட்டம் வகுத்தவர்க்கும் ஒரு பாத்திரம்" என்றார் முதியவர். அவர் பேசிய அந்த முதல் வேடிக்கைச் சொல்லைக் கேட்டு எல்லோரும் நகைத்தனர். பொறியாளரும் நகைத்தார், ஆயினும், முதியவர் முகத்தை நேர்நோக்காமல் நகைத்தார்.

முற்பகலில் சமையல் தொடங்கியது. மூன்று கல்லைக் கூட்டி அடுப்பமைத்துப் பருப்பை ஏற்றினர். ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு வேகவில்லை. "மலிவாகக் கிடைக்கிறதென்று பழம்பருப்பை வாங்கிவந்தீர்" என்று தலைமை எழுத்தர் கணக்கரைக் கடிந்தார். கணக்கர் சினந்து, கடையின் பெயரைச் சொல்லி ஆணையிட்டார். அப்போது பொறியாளர் இடைப்புகுந்து, "பருப்பின்மேலும் குற்றமில்லை, வாங்கினவர்மேலும் குற்றமில்லை. உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். சமவெளியில் 100 பாகையில் கொதிக்கும் நீர், இங்கே ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கின்றது. எத்தனை விறகு இட்டாலும் திறந்த பானையில் அதற்கு மேல் வெப்பம் ஏறாது. அதனால் வேகுதற்கு நேரம் மிகும். காரணம் அறியாமல் ஒருவர்மேல் பழி சுமத்தலாமா?" என்றார்.

சொல்லி முடித்ததும் அவர் நா சட்டென அடங்கிற்று. எதிரே அடுப்பின் விறகைத் தள்ளிக்கொண்டிருந்த முதியவர் தலைநிமிரவில்லை. அடுப்புத் தீ மட்டும் சடசடத்தது. நீர் வற்றிவிட்டது என்று யாரோ கூறினர். நீர் கொணரும் பணியை யார்க்கு இடுவது எனத் தலைவரைக் கேட்டனர். முதியவர் தயங்கினார். பொறியாளர் தாமே எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு, சோலைக்குள் இருந்த ஊற்றை நோக்கி நடந்தார். அவ்விடத்தை விட்டு அகல ஒரு காரணம் கிடைத்ததே என்பது போல இருந்தது அவர் நடை.

அவர் சென்ற கால்நாழிகைக்குள் மலையின் முகம் மாறியது. பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த மஞ்சு வெண்புகைபோல் மேலேறி வந்தது. முதலில் தேயிலைச் சரிவு மறைந்தது. அடுத்துப் புல்வெளி மறைந்தது. பின்னர்க் குடிலின் திண்ணையில் நின்றவர்க்கு ஐந்தடிக்கு அப்பால் நின்றவர் தெரியவில்லை. அரைமணி கழிந்தது, பொறியாளர் வரவில்லை. எல்லோரும் பெயர்சொல்லிக் கூவினர். நாற்புறமிருந்தும் எழுந்த கூக்குரல் மலையில் மோதி எதிரொலித்து, எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிய முடியாதபடி குழம்பியது. சோலையின் மறுபுறம் செங்குத்தான பாறைச்சரிவு உண்டென்று தோட்டக் காவலாளி சொன்னபோது அம்மையார் இருவரும் கண்கலங்கினர். இளைஞர் சிலர் ஆளுக்கொரு பக்கமாக ஓட முற்பட்டனர்.

"நில்லுங்கள்" என்றார் முதியவர். அதுவரை எவரும் கேட்டறியாத உறுதி அக்குரலில் இருந்தது. "எவரும் குடிலை விட்டு அசையவேண்டா. கூவவும் வேண்டா. ஒருவர் மட்டும் பித்தளைத் தவலையை எடுத்து, நூறு எண்ணுவதற்கு ஒருமுறை மூன்று அடி அடியுங்கள். அந்த ஓசையே எங்களுக்குத் திரும்பும் வழி" என்று சொல்லி, கோலை ஊன்றிக்கொண்டு சோலைக்குள் நுழைந்தார்.

கண்ணுக்கு வழி இல்லாத இடத்தில் அவர் காதை வழியாகக் கொண்டார். முப்பது ஆண்டுகள் அமாவாசை இருளில் வாய்க்காற்கரையில் நடந்த அவர்க்கு, நீரின் ஓசையில் உள்ள வேறுபாடுகள் நன்கு விளங்கும். கல்லில் வீழும் நீர், மண்ணில் அரிக்கும் நீர், ஓட்டையிற் புகும் நீர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஒலி உண்டு. ஊற்றினின்று கசிந்தோடும் நீரின் மெல்லோசையைப் பற்றிக்கொண்டு அவர் நடந்தார். ஊற்றருகே குடம் கிடந்தது, ஆளைக் காணவில்லை. குனிந்து தடவினார். ஈரமண்ணில் காலணியின் சுவடு, நீர் வழிந்தோடும் பக்கமாகச் சென்றது. மஞ்சு சூழ்ந்தபின் திசை தப்பிக் கீழ்நோக்கி நடந்துவிட்டார் என உணர்ந்து, ஓடையின் ஓரமாகவே இறங்கினார். ஏறத்தாழ முந்நூறு அடி சென்றதும், "யார் அங்கே?" என்றொரு மெலிந்த குரல் கேட்டது.

பாசிபடிந்த கல்லில் வழுக்கி வீழ்ந்து, கணுக்கால் பிசகிப் பொறியாளர் ஒரு மரவேரின்மேல் அமர்ந்திருந்தார். குளிரால் அவர் உடல் நடுங்கியது. அவர்க்கு இருபதடி அப்பால் ஓடையின் ஓசை திடீரென ஆழத்தில் வீழும் ஓசையாக மாறிற்று. அங்கேதான் பாறைச்சரிவு தொடங்கியது. "அஞ்சாதே, தம்பி, நான் வந்துவிட்டேன்" என்று சொல்லி, முதியவர் தம் கம்பளியை எடுத்து அவர்மேற் போர்த்தினார். அவர் வாயில் 'ஐயா' என்னும் சொல் அப்போது வரவில்லை. சட்டத்தை நினைத்தும் அவர் அவ்வாறு அழைத்திலர்.

பொறியாளர் அக்கம்பளியைத் தடவிப் பார்த்தார். அதன் நடுவில் ஒருபுறம் கிழிந்து, கருநூலால் தைக்கப்பட்டிருந்தது. ஏதேனும் பேசி நடுக்கத்தை மறக்க எண்ணியவர் போல, "இது எப்படிக் கிழிந்தது?" என்று கேட்டார். முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அந்த மதகில் கிழிந்தது" என்றார்.

"எந்த மதகில்?"

"ஐப்பசி மாதத்து இரவில். கரைமேல் வரும்போதே ஓட்டையிற் புகும் நீரின் ஓசை கேட்டது. இறங்கிப் பார்த்தேன், பலகை பிளந்திருந்தது. மண்மூட்டை கொண்டுவரச் சென்றால் பிளவு பெரிதாகிவிடும். ஆகையால் இந்தக் கம்பளியைச் சுருட்டி அதில் திணித்து, அதன்மேல் முதுகைச் சார்த்தி விடியுமளவும் நீரில் நின்றேன். அப்படியும் பாதி நீர் போய்விட்டது. மீதிப் பாதி நின்றது."

பொறியாளர் திகைத்தார். "இதை ஏன் விளக்கமாக எழுதித் தரவில்லை?"

"எழுதச் சொன்னீர்கள், தம்பி. எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் ஒன்றே. பிறரிடம் சென்று என் பெருமையை நானே சொல்லி எழுதித்தரக் கேட்பதற்கு நா எழவில்லை. அன்று என்னை அழைத்து, 'என்ன நடந்தது?' என்று ஒரு சொல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."

தொலைவில் தவலையின் ஓசை மும்முறை எழுந்து அடங்கியது. பொறியாளர் தலைகவிழ்ந்து இருந்தார். சற்றுப்பொறுத்து, "நான் கேட்கவில்லை" என்றார். "பலகை உளுத்திருந்ததை நான் பின்னர்க் கண்டேன். கண்டும் வாளா இருந்தேன். அந்தக் குற்றம் உளுத்த பலகையினும் பெரிது. என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்."

"நடக்க முடியுமா, பாருங்கள்" என்பதே முதியவர் தந்த விடை. ஒரு கையில் கோலையும் மறுகையில் பொறியாளரின் தோளையும் பற்றிக்கொண்டு, தவலையின் ஓசை வந்த திசை நோக்கி அவர் மெல்ல மெல்ல நடந்தார். வழியில் ஊற்றருகே நின்று, கிடந்த குடத்தை நிரப்பிக்கொள்ளவும் அவர் மறந்திலர்.

இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு மஞ்சினின்று வெளிப்பட்டபோது குடிலில் எழுந்த ஆரவாரத்திற்கு அளவில்லை. பொறியாளரின் காலுக்கு வெந்நீர் ஒற்றடம் இட்டனர். அந்நேரத்திற்குள் பருப்பும் ஒருவாறு வெந்திருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு யாவரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்டனர். பசியும் குளிரும் சேர்ந்து அவ்வுணவைப் பெருவிருந்தாக ஆக்கின. உண்டபின் கழுவவேண்டிய பாத்திரங்களின் கணக்கைக் கணக்கர் படித்தார். முதியவர் பெயரில் பதினொன்று இருந்தன. அவர் எழுமுன் பொறியாளர் நொண்டிக்கொண்டே சென்று, நீர்த்தொட்டியின் அருகில் அமர்ந்து, அவற்றைத் தேய்க்கத் தொடங்கினார். தடுக்க வந்தவரை, "தலைவரின் கடனை நான் தீர்க்கிறேன்" என்று கூறி விலக்கினார்.

மாலைக்குள் மஞ்சு விலகியது. குடிலுக்கு அருகில் இருந்த மேட்டில் ஏறி நின்றபோது, வடகிழக்கே மலை திடீரென முடிந்து, மிக ஆழத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்குத் தெரிந்தது. ஆறு ஒரு வெள்ளிநூலெனக் காட்டினிடையே வளைந்து சென்றது. அதன் கடைக்கோடியில், மாலை வெயிலில், ஒரு வெண்டகடு மின்னியது.

"அது என்ன?" என்று கேட்டார் முதியவர்.

"நம் பவானிசாகர் நீர்த்தேக்கம்" என்றார் பொறியாளர்.

முதியவர் நெடுநேரம் இமையாது நோக்கினார். எந்த நீரின் அளவை அறிந்து நாள்தோறும் அலுவலகத்தில் சொல்லிவந்தாரோ, எந்த நீரின் முறைக்காக உழவர் வழிமேல் விழிவைத்து நின்றனரோ, அந்நீர் அங்கிருந்து பார்க்கும்போது உள்ளங்கை அளவாகத் தோன்றியது. அதனைச் சுற்றிய கோபமும் தாபமும் இன்னும் எவ்வளவு சிறியன!

பொறியாளர் திரும்பிக் குடிலைச் சுட்டிக்காட்டினார். "இக்குடில் மலையின் முகட்டிலேயே நிற்கிறது. அதன் கூரையைப் பாருங்கள். தென்சரிவில் விழும் மழைத்துளி தெற்கே இறங்கிப் பவானியிற் சேரும். வடசரிவில் விழும் துளி வடக்கே இறங்கி மோயாற்றிற் சேரும். ஒரே மழையில் ஒரு சாண் இடைவெளியில் விழுந்த இரண்டு துளிகள் முதுகு காட்டிக்கொண்டு பிரிந்து போகின்றன. பல காதம் சுற்றிவந்து, அதோ அந்த நீர்த்தேக்கத்தில் ஒன்று சேர்கின்றன" என்றார்.

"சேர்ந்தபின் எந்தத் துளி எந்தப் பக்கத்தது என்று யார் பிரித்தறிய முடியும்?" என்றார் முதியவர். பின்னர் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இருள் சூழ்வதற்குள் வண்டி மலையை விட்டு இறங்கியது. காலையிற் பாடிய அம்மையார் மீண்டும் பாடினார். களைத்த பலர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கினர்.

மறுநாள் அலுவலகம் வழக்கம்போலத் திறந்தது. பழைய சுவர், பழைய நாற்காலி, பழைய கோப்புகள். முதியவர் வந்து, "ஐயா, வணக்கம்" என்று சொல்லி நீரின் அளவைக் கூறினார். பொறியாளர் நாற்காலியினின்றும் எழுந்து, "வாருங்கள், பெரியவரே, அமருங்கள்" என்றார். மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. உண்மையை ஆராயாது கண்டனம் எழுதியது தம் பிழையே என்றும், அதனை நீக்க இசைவு தருதல் வேண்டும் என்றும் மேலதிகாரிக்கு அவர் தம் கைப்பட எழுதிய கடிதம் அது. அதனை முதல் வரியிலிருந்து இறுதி வரிவரை அவர் உரக்கப் படித்துக்காட்டினார். முதியவர் கேட்டுக்கொண்டிருந்தார். படித்து முடித்தபின், அவர் தோளிற் கிடந்த கம்பளியின் தைத்த இடத்தை மெல்லத் தடவிக்கொண்டார். பங்குனியில் அவர் ஓய்வுபெற்றபோது பணிப்பதிவேடு கறையின்றி இருந்தது.

இன்பச் செலவு என்பது காசும் காலமும் கரைக்கும் வீண்செயல் என்று எண்ணுவோர் உளர். காண வேண்டிய இடங்களைக் கண்டு, உண்டு, உறங்கித் திரும்புவதோடு அது முடியுமாயின் அவர் கூற்று ஓரளவு பொருந்தும். ஆனால், உடன் உழைப்பவரோடு ஒரு நாள் ஓடியாடி, ஒரே பானைச் சோற்றைப் பகிர்ந்துண்டு, பதவியை மறந்து பழகும்போது, கோப்பிலும் குறிப்பாணையிலும் இடம்பெறாத மனிதர் நமக்குப் புலப்படுகின்றார். அவரை நாம் முன்னரே அறிந்திருக்கலாம். அதற்கு வேண்டியது மலையும் அன்று, மஞ்சும் அன்று. "என்ன நடந்தது?" என்று அன்போடு கேட்கும் ஒரு சொல்லே போதும். அச்சொல்லைக் கேட்கக் கற்றுக்கொண்டவர், சமவெளியில் இருந்தாலும் உயர்ந்த இடத்தில் இருப்பவரே ஆவர்.